சீருடையைக் கழற்றிய பிறகும் 21 ஆண்டுகள் இருக்கின்றன

(இராணுவத்தை விட்டு வெளியே வருபவர்களுக்கு வேலைச் சந்தையில் இடம் உண்டா என்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில், இராணுவக் கிடங்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, பிறகு கிள்ளான் துறைமுகப் பகுதியில் பண்டகசாலை நிர்வாகத்தில் ஈடுபட்ட பேச்சாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன் பேசிய நண்பர் காலாட்படையைப் பற்றிச் சொன்னார். அடுத்தவர் விமானப் படையைப் பற்றிச் சொன்னார். இரண்டு உரையையும் கேட்டுக் கொண்டிருந்தபோது, தேசிய தின அணிவகுப்பில் முன்வரிசையில் வராத ஆட்களைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள் என்று புரிந்து கொண்டேன். சோறு போட்டவன், லோரி ஓட்டியவன், பூட்ஸ் கொடுத்தவன், டீசல் அளந்தவன், வெடிமருந்தை எண்ணி வைத்தவன், வண்டியைப் பழுது பார்த்தவன் எல்லாரையும் சேர்த்துத்தான் தளவாடப் பிரிவு என்கிறோம். நம் தரைப்படையில் இந்த வேலையை மூன்று கோர் பார்க்கின்றன. கோர் ஓர்ட்னன்ஸ் டிராஜா பொருள்களையும் வெடிமருந்தையும் பார்க்கும். கோர் பெர்கிட்மாத்தான் டிராஜா போக்குவரத்து, உணவு, எரிபொருளைப் பார்க்கும். வண்டியையும் ஆயுதத்தையும் பழுது பார்க்க மின்சார, இயந்திரப் பொறியியல் கோர் இருக்கிறது. கடற்படை, விமானப் படையிலும் இதே வேலைக்குத் தனித் தனி ஆட்கள் உண்டு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. எஸ்பிஎம் முடித்த ஒரு பையன் 18 வயதில் படையில் சேருகிறான். சாதாரணப் படைவீரருக்கு ஓய்வூதியம் கிடைக்க 21 ஆண்டு சேவை வேண்டும். 18ம் 21ம் 39. அந்த வயதில் அவர் வீட்டுக்கு வருகிறார். வெளியே தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று 2012ஆம் ஆண்டு சட்டம் வந்து, 2013 ஜூலை முதல் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது. 39லிருந்து 60க்கு எத்தனை ஆண்டு? மறுபடியும் 21. படையில் எவ்வளவு காலம் இருந்தாரோ, அதே அளவு காலம் வெளியே இருக்கிறது. இதை "ஓய்வு" என்று சொல்லி வழியனுப்பி வைப்பதுதான் முதல் கோளாறு என்று நான் நினைக்கிறேன். 39 வயதுக்காரருக்கு என்ன ஓய்வு? பிள்ளை அப்போதுதான் இடைநிலைப் பள்ளியில் கால் வைத்திருக்கும். வீட்டுக் கடன் பாதிகூட அடைந்திருக்காது.

இந்த இரண்டாவது 21 ஆண்டில் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் ஜாகா வேலை. பாதுகாவலர் வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. நேர்மையான தொழில். இரவெல்லாம் விழித்திருந்து சம்பாதிக்கிற காசு. ஆனால், என்னோடு பணியாற்றிய மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். ஸ்டாஃப் சார்ஜன். ஒரு பட்டாளத்தின் வெடிமருந்துக் கணக்கு முழுவதும் அவர் கையில் இருந்தது. ஒரு தோட்டா குறைந்தால் முகாமே தூங்காது, அப்படிப்பட்ட பொறுப்பு. அவர் வெளியே வந்து ஒரு தொழிற்சாலையின் வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகும் லோரிகளின் எண்ணை நோட்டில் எழுதிக் கொண்டிருந்தார். அந்த லோரிகள் எங்கே போகின்றன தெரியுமா? உள்ளே இருக்கும் பண்டகசாலைக்கு. அங்கே கணக்கு சரியில்லை, பொருள் காணாமல் போகிறது, நல்ல மேற்பார்வையாளர் கிடைக்கவில்லை என்று நிர்வாகம் தலையைப் பிய்த்துக் கொண்டிருந்தது. அவர்களுக்கு வேண்டிய ஆள் தினமும் அவர்களுக்கே சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்து விட்டுக் கொண்டிருந்தார். இவருக்கும் கேட்கத் தோன்றவில்லை, அவர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆறு ஆண்டு அப்படியே போனது.

இந்த வேலை தெரிந்தவருக்கு என்னதான் தெரியும் என்று நேயர்கள் கேட்கலாம். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை.

அரசாங்க ஸ்டோரில் ஒவ்வொரு தட்டிலும் ஓர் அட்டை தொங்கும். காட் பெதாக் என்போம். எத்தனை வந்தது, எத்தனை போனது, எத்தனை மிச்சம் என்று அதில் இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுக் கையிருப்பையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும் என்பது அங்கே வேதம். டயர் என்றாலும் சரி, பேட்டரி என்றாலும் சரி, டின் மீன் என்றாலும் சரி. நேட்டோ முறைப்படி வகைப்படுத்தப்பட்ட பொருளுக்கு 13 இலக்க எண் உண்டு. முதல் நான்கு இலக்கம் அது எந்த வகைப் பொருள் என்று சொல்லும், அடுத்த இரண்டு எந்த நாடு அதைப் பதிவு செய்தது என்று சொல்லும், கடைசி ஏழு அந்தக் குறிப்பிட்ட பொருளைக் காட்டும். இப்போது உங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போய் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். கோடு கோடாக இருக்கும் பார்கோடின் கீழேயும் 13 இலக்கம்தான். மலேசியாவில் பதிவு செய்ததென்றால் 955 என்று ஆரம்பிக்கும். இரண்டும் வெவ்வேறு முறைதான். ஆனால், ஒரு முறையில் 20 ஆண்டு பழகியவனுக்கு மற்றதைப் பிடித்துக் கொள்ள அதிக நாள் ஆகாது.

வெடிமருந்துக் கிடங்கில் இருந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெடியைத் தூண்டுகிற பொருளையும் வெடிக்கிற பொருளையும் ஒரே அறையில் வைக்கக் கூடாது. எதை எதோடு சேர்த்து வைக்கலாம் என்பதற்கு எழுத்துக் குறியீடு இருக்கிறது. எத்தனை கிலோவுக்கு எவ்வளவு தூரம் என்று அட்டவணை இருக்கிறது. வெளியுலகில் ஆபத்தான சரக்குகளை ஐக்கிய நாட்டு முறைப்படி ஒன்பது வகையாகப் பிரிக்கிறார்கள். அதில் முதல் வகையே வெடிபொருள்தான். மூன்றாவது எளிதில் தீப்பற்றும் திரவம், எட்டாவது அரிக்கும் அமிலம் போன்றவை. ஆக, முதல் வகையில் ஊறிய ஒருவர் மற்ற எட்டைக் கற்றுக் கொள்வது சிரமமா? 2015இல் சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தில் நடந்ததும், 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் நடந்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கும். பெய்ரூட்டில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் ஒரு கிடங்கில் கிடந்தது. அதைப் பார்த்த எந்த வெடிமருந்து ஸ்டோர்காரனும் ஒரு கேள்விதான் கேட்டிருப்பான்: அந்தக் கிடங்கின் சாவி யாரிடம் இருந்தது, அவருக்கு அது என்னவென்று தெரியுமா? இரசாயனக் கிடங்கு நடத்துகிற கம்பெனிகளுக்கு இப்படிக் கேள்வி கேட்கிற ஆள்தான் வேண்டும்.

போக்குவரத்தும் அப்படித்தான். 2014 டிசம்பரில் கிளந்தானில் பெருவெள்ளம் வந்தது. பாலம் போய்விட்டது, கடை இல்லை, மின்சாரம் இல்லை. அந்த நிலையில் அரிசியும் தண்ணீரும் பால் மாவும் கொண்டு போய்ச் சேர்ப்பதற்கு, எந்தப் பாதையில் எவ்வளவு எடையுள்ள வண்டி போகும், எதை முதலில் ஏற்றினால் கடைசியில் இறக்க வேண்டி வரும் என்று கணக்குப் போடத் தெரிய வேண்டும். 2007 முதல் லெபனானில் ஐநா அமைதிப் படையில் நம் நாட்டுப் படைப்பிரிவு இருக்கிறது. அங்கே போகிற ஒவ்வொரு பெட்டிக்கும் பட்டியல் எழுதியவர்கள் நம் ஆட்கள்தான். இதையே ஒரு தனியார் கம்பெனியில் செய்தால் அதற்குப் பெயர் சப்ளை செயின். சம்பளமும் வேறு.

பிறகு ஏன் வேலை கிடைப்பதில்லை? ஆற்றல் இருந்தும் அதைச் சொல்லும் மொழி இல்லை என்பதுதான் என் அனுபவம்.

நான் வெளியே வந்த புதிதில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். பெயர் வேண்டாம். என் விண்ணப்பத்தைப் பார்த்த இளைஞர், "நீங்கள் துப்பாக்கி சுடுவீர்களா?" என்று கேட்டார். அந்த வேலைக்கும் துப்பாக்கிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கிடங்கு உதவி மேற்பார்வையாளர் வேலை அது. கடைசியில், "எங்களிடம் இரவு நேரப் பாதுகாவலர் வேலை காலி இருக்கிறது, சார்" என்றார். அவருடைய அறியாமை எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால், என் விண்ணப்பத்தில் எழுதியிருந்ததை அவர் இடத்தில் இருந்து படித்தால் என்ன புரியும்? பதவிச் சுருக்கங்கள், பட்டாளத்தின் எண், மலாய்ச் சுருக்கெழுத்துகள். இராணுவத்தில் இருப்பவன் பார்த்தால் பெரிய ஆள் என்று தெரியும். மனிதவளப் பிரிவில் இருப்பவருக்கு அது புரியாத மொழி.

ஆகவே விண்ணப்பத்தை மொழிபெயர்க்க வேண்டும். "கம்பெனி குவாட்டர்மாஸ்டர் சார்ஜன்" என்று எழுதி அதோடு விட்டுவிட்டால் பயனில்லை. "சுமார் 120 பேர் கொண்ட பிரிவுக்கு உடை, உணவு, உபகரணம், எரிபொருள் அனைத்தையும் கேட்டுப் பெற்று, சேமித்து, விநியோகித்தேன், இத்தனை வகைப் பொருள்கள், இத்தனை பேர் என் கீழ் வேலை செய்தார்கள், இத்தனை ஆண்டு தணிக்கையில் கணக்குக் குறைவு இல்லை" என்று எழுத வேண்டும். எண்கள் இருக்க வேண்டும். படையில் தற்பெருமை பேசக் கூடாது என்று பழக்கியிருப்பார்கள். "நாங்கள் செய்தோம்" என்றுதான் வாயில் வரும். நேர்முகத் தேர்வில் "நான் செய்தேன்" என்று சொல்லியாக வேண்டும். அது ஆரம்பத்தில் நாக்கில் ஒட்டாது. வீட்டில் மனைவி முன்னால் உட்கார்ந்து பத்து முறை சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல், இரகசியம். எந்த ஆயுதம், எத்தனை, எந்த முகாம் என்பதையெல்லாம் வெளியே எழுத முடியாது, எழுதவும் கூடாது. சிலர் இதற்குப் பயந்து எதையுமே எழுதுவதில்லை. எத்தனை ஆட்களை நிர்வகித்தேன், எந்த முறையில் கணக்கு வைத்தேன் என்பதில் இரகசியம் ஒன்றும் இல்லை. சந்தேகமாக இருந்தால் சேவையில் இருக்கும்போதே மேலதிகாரியிடம் காட்டிக் கேட்டுவிடலாம்.

அடுத்தது காகிதம். இந்த நாட்டில் காகிதம் இல்லாமல் எதுவும் நகராது. நமக்குத் தெரிந்த வேலைக்குச் சான்றிதழ் வாங்க மறுபடியும் இரண்டு ஆண்டு வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம், அதாவது 652ஆவது சட்டம், அதன் கீழ் எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழை அனுபவத்தைக் கொண்டே பெற வழி இருக்கிறது. அதற்குப் பிபிடி என்று பெயர், முன் பெற்ற திறனை அங்கீகரிப்பது. நீங்கள் செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்து ஒரு கோப்பாகக் கொடுக்க வேண்டும், அதை மதிப்பிடுவார்கள். இங்கேயும் அந்த இரகசியப் பிரச்சினை வரும். அதனால் என்ன ஆதாரம் கொடுக்கலாம் என்பதை முகாமில் இருக்கும்போதே முடிவு செய்து, அதிகாரியின் கையொப்பத்தோடு கடிதங்களை வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். வெளியே வந்து ஓராண்டு கழித்துப் போனால் அந்த அதிகாரி வேறு முகாமுக்கு மாறிப் போயிருப்பார்.

ஓட்டுநர்களுக்கும் இதையே சொல்கிறேன். இராணுவ உரிமத்தைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் உரிமமாக மாற்றிக் கொள்ள வழி உண்டு. ஆனால், சரக்கு லோரி ஓட்ட அதற்கு மேல் ஜிடிஎல் எனும் தொழில் உரிமம் வேண்டும். இதையும் ஓய்வுக்கு முன்பே பாருங்கள். சுங்கை பூலோவில் பெர்ஹெபாட் இருக்கிறது, முன்னாள் படையினர் நலக் கழகம். ஓய்வுக்கு முந்திய மாதங்களில் தொழிற்பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால், நம் ஆட்கள் அங்கே என்ன பயிற்சி எடுக்கிறார்கள் என்று பார்த்தால், நண்பன் எதை எடுத்தானோ அதை. தளவாடப் பிரிவில் 20 ஆண்டு இருந்துவிட்டு, ரொட்டி சுடும் வகுப்பில் பெயர் கொடுத்தவர் எனக்குத் தெரியும். ரொட்டிக் கடை வைப்பதாக இருந்தால் சரி. அவருக்கு அந்த எண்ணமே இல்லை, வகுப்பு வீட்டுக்குப் பக்கத்தில் நடந்தது, அவ்வளவுதான்!

இனி, நமக்குத் தெரியாதவற்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இராணுவ ஸ்டோருக்கும் தனியார் பண்டகசாலைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. இராணுவத்தில் கேட்டபோது பொருள் இல்லை என்பது குற்றம். அதனால் எல்லாவற்றிலும் கொஞ்சம் அதிகமாகவே வைத்திருப்போம். தனியாரிடம் தேவைக்கு மேல் பொருள் தேங்கிக் கிடப்பது குற்றம். தட்டில் தூசி படிந்து கிடக்கும் ஒவ்வொரு பெட்டியும் முதலாளியின் பணம், வங்கிக்கு அவர் வட்டி கட்டிக் கொண்டிருக்கும் பணம். இடத்துக்கு வாடகை, காப்புறுதி, கெட்டுப் போனால் நட்டம். இந்தக் கணக்கு நமக்குள் இறங்கச் சில மாதங்கள் ஆகும். இறங்கவில்லை என்றால், "இவர் பொருளைக் கட்டிப்பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார், வெளியே விட மாட்டேன் என்கிறார்" என்ற பெயர்தான் வரும். அப்படிப் பெயர் வாங்கிய பழைய சார்ஜன்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

சுங்கம் இன்னொன்று. இறக்குமதிக்கு கே1 பாரம், ஏற்றுமதிக்கு கே2 பாரம். எஃப்ஓபி விலை என்றால் எந்த இடம் வரை விற்பவர் பொறுப்பு, சிஐஎஃப் என்றால் கப்பல் கூலியும் காப்புறுதியும் யார் கட்டுவது, இதெல்லாம் முகாமில் யாரும் சொல்லித் தருவதில்லை. சுங்க முகவராக வர விரும்புபவர்களுக்கு மலாக்காவில் உள்ள சுங்கத் துறைக் கழகத்தின் பயிற்சி இருக்கிறது. கணினியும் அப்படித்தான். எக்செல் நன்றாகத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கம்பெனியில் எந்த மென்பொருள் இருந்தாலும், சரக்கு வருவது, வைப்பது, எடுப்பது, அனுப்புவது என்ற நான்கைச் சுற்றித்தான் அது ஓடும். காட் பெதாக் எழுதத் தெரிந்தவருக்கு அது அந்நியம் இல்லை.

எல்லாவற்றையும்விடக் கடினம், உத்தரவு இல்லாத இடத்தில் வேலை வாங்குவது. முகாமில் ஒரு சொல் சொன்னால் பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள். பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தம்பியிடம் குரலை உயர்த்தினால், அவன் மறுநாள் பக்கத்துக் கம்பெனியில் சேர்ந்துவிடுவான். உங்கள் மேலாளர் 28 வயதுப் பெண்ணாக இருக்கலாம். அவருக்குக் கிடங்கைப் பற்றி உங்களை விடக் குறைவாகத் தெரிந்திருக்கலாம், இலாபத்தைப் பற்றி உங்களை விட அதிகமாகத் தெரிந்திருக்கும்.

உலக அளவில் ஓர் உதாரணம் சொல்லிப் போகிறேன். 1990, 91இல் வளைகுடாப் போரின் போது அமெரிக்கத் தரைப்படையின் தளவாடப் பொறுப்பைப் பார்த்தவர் வில்லியம் பகோனிஸ் என்ற ஜெனரல். 1993இல் படையை விட்டு வந்த அவரை சியர்ஸ் என்ற மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனம் தன் தளவாடப் பிரிவுக்குத் தலைவராக்கிக் கொண்டது. ஜெனரலுக்குக் கதவு தானாகத் திறக்கும், நம் கோப்ரலுக்குத் திறக்குமா என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். நான் அவரைச் சொல்வதற்குக் காரணம் வேறு. போர்க்களத்தில் அவர் பயன்படுத்திய முறைகள் மிக எளிமையானவை. யார் வேண்டுமானாலும் தகவலைச் சின்ன அட்டையில் எழுதி மேலே அனுப்பலாம். காலைக் கூட்டத்தை நின்றபடியே நடத்துவார், நின்றால்தான் சீக்கிரம் முடியும் என்று. இந்த இரண்டையும் ஷா ஆலமில் உள்ள ஒரு கிடங்கில் நாளையே செய்யலாம், ஒரு காசு செலவில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இங்கேதான் குடும்பங்கள் உடைகின்றன. வெளியே வரும்போது எல்டிஏடியில் இருந்து, அதாவது படையினர் சேமநிதியில் இருந்து, ஒரு தொகை வரும். அவ்வளவு பணத்தை மொத்தமாக அதற்கு முன் பார்த்திருக்க மாட்டோம். அந்த மாதமே சொந்தக்காரர்கள் வருவார்கள். பழைய நண்பன் ஒரு தொழில் திட்டத்தோடு வருவான். புதுக் கார் விற்பவன் வருவான். ஆறு மாதம் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். வேலை எந்த ஊரில் கிடைக்கிறது என்று தெரிந்த பிறகு செலவு செய்யலாம்.

ஊர் என்று சொன்னேனே, அது முக்கியம். பலர் ஓய்வுக்கு முன்பே சொந்த ஊரில், சுங்கை சிப்புட்டிலோ தைப்பிங்கிலோ கோலப்பிலாவிலோ, வீட்டை வாங்கிவிடுகிறார்கள். அம்மா அப்பா அங்கே இருக்கிறார்கள், ஆசை நியாயமானதுதான். ஆனால், தளவாட வேலைகள் துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் தொழிற்பேட்டையையும் ஒட்டித்தான் இருக்கும். கிள்ளான், ஷா ஆலம், பாசிர் கூடாங், தஞ்சோங் பெலப்பாஸ், பாயான் லெப்பாஸ், பத்து காவான். கிள்ளான் துறைமுகம் மட்டும் 2023ஆம் ஆண்டில் 20 அடி பெட்டிக் கணக்கில் 1 கோடியே 40 லட்சம் பெட்டிகளைக் கையாண்டது. வேலை அங்கே இருக்கிறது, வீடு இங்கே இருக்கிறது. கடைசியில், வீட்டுக்குப் பக்கத்தில் என்ன கிடைக்கும்? ஜாகா வேலை. அந்த ஸ்டாஃப் சார்ஜன் அண்ணன் கேட்டருகே உட்கார்ந்ததற்கும் பாதிக் காரணம் இதுதான்.

சம்பளப் பேச்சில் ஒரு வார்த்தையை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். "உங்களுக்குத்தான் பென்ஷன் வருகிறதே, கொஞ்சம் குறைத்துக் கொள்ளலாமே?" இதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். பென்ஷன் என்பது முதல் 21 ஆண்டு உழைப்புக்கான கூலி, அந்தக் கணக்கு அரசாங்கத்துக்கும் அவருக்கும் உள்ளது. இன்று செய்யும் வேலைக்கு இன்றைய சம்பளம் கொடுக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆக்கப்பட்டது. அது அடிமட்டம். கிடங்குப் பொறுப்பு பார்க்கிற ஆள் அந்த இடத்திலிருந்து பேரம் பேச ஆரம்பிக்கக் கூடாது. இபிஎஃப், சொக்சோ பிடிக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். கையில் ரொக்கமாகக் கொஞ்சம் அதிகம் தருகிறேன், சந்தா வேண்டாம் என்று சொல்லும் முதலாளியிடம் சேராதீர்கள். அந்த இரண்டாவது 21 ஆண்டுக்கும் சேமிப்பு வேண்டாமா?

21 ஆண்டு முடிக்காமல் இடையிலேயே வெளியே வந்தவர்கள் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு மாத ஓய்வூதியம் இல்லை. அவர்களுக்குத்தான் நான் இதுவரை சொன்ன சான்றிதழும் உரிமமும் மிக அவசரம்.

நம் இனத்தவர் படையில் சேருவது குறைவு என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் வெளியே வருபவருக்கு வழி சொல்ல ஓர் அண்ணனோ மாமாவோ குடும்பத்தில் இருப்பதில்லை. நான் இன்று இங்கே வந்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நேரம் முடியப் போகிறது என்று தலைவர் சைகை காட்டுகிறார். சற்று முன் ஈப்போவிலிருந்து ஒரு சகோதரி தொலைபேசியில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அமர்கிறேன். கணவர் போக்குவரத்துப் பிரிவில் சார்ஜன், இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது, எதுவும் செய்யவில்லை, கேட்டால் "பார்த்துக்கலாம்" என்கிறார், இனிமேல் தாமதமா என்று கேட்டார். அவர் குரலில் பயம் இருந்தது.

சகோதரி, எட்டு மாதத்தில் செய்ய நிறைய இருக்கிறது. முதலில் இந்த மாதமே அவருடைய இராணுவ உரிமத்தையும், இதுவரை எடுத்த பயிற்சிச் சான்றிதழ்களையும் ஒரு கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய சான்றிதழ் உங்கள் வீட்டு அலமாரியில்தான் எங்கேயாவது இருக்கும், அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அடுத்து ஜேபிஜேயில் உரிம மாற்றத்தைக் கேட்கட்டும், ஜிடிஎல் வகுப்புக்குப் பதியட்டும். பெர்ஹெபாட்டில் என்ன பயிற்சி மிச்சம் இருக்கிறது என்று விசாரிக்கட்டும், போக்குவரத்து, கிடங்கு சம்பந்தப்பட்டதாகப் பார்த்து எடுக்கட்டும். எத்தனை வண்டி, எத்தனை ஓட்டுநர், விபத்தில்லாமல் எத்தனை ஆண்டு என்று மேலதிகாரியிடம் ஒரு கடிதம் வாங்கட்டும். சொக்சோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் இப்போதே பெயரைப் பதிந்து, எந்த ஊரில் என்ன வேலை, என்ன சம்பளம் என்று வாரம் ஒரு நாள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஈப்போவை விட்டு வர முடியுமா, பிள்ளைகளின் பள்ளி என்னாவது என்று இப்போதே பேசி முடிவெடுங்கள். அவர் கோபப்படலாம். 20 ஆண்டாக அவர் மாற்றலாகிப் போகும் ஒவ்வொரு முகாமுக்கும் வீட்டைக் கட்டி எடுத்துப் போனது நீங்கள்தானே, இந்த மாற்றலுக்கும் பெட்டி கட்டத் தெரியும் என்று சொல்லுங்கள்.